நாலு எழுத்து

நைனியப்ப நாயக்கன் தெருவில்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
ஷீல்டு, மெடல், நினைவுப்பரிசு.
கபடிக்கும் கல்லூரி ஆண்டுவிழாவுக்கும்
ஒரே அக்ரிலிக், ஒரே லேசர்.
சாதித்தவர்களை எனக்கு
எழுத்துக்கு ரெண்டு ரூபாய் கணக்கில் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒரு ஆர்டர்.
தெருவில் முழங்கால் தண்ணீர்.
குருத்தணு ஆராய்ச்சிக்குத் துணை நின்ற
ஐந்து பேருக்குச் சேத்துப்பட்டில் பாராட்டு:
நிதி கேட்டுச் சட்டமன்றத்தில் மூன்று முறை எழுந்த உறுப்பினர்,
ஆய்வகம் கட்டக் கல்யாண மண்டபத்தை விற்ற
சௌகார்பேட்டைக்காரர்,
இன்னும் இருவர்,
கடைசியில் குணவதி சாந்தப்பன், வியாசர்பாடி.

அவருடையதைத்தான் முதலில் அடித்தேன்.
படமெடுத்து அனுப்பிய அரைமணியில் போன்.

"குருதியணு இல்லீங்க, குருத்தணு.
வாழைக்கு நடுவுல சுருண்டு நிக்குமே, குருத்து.
என்னவா ஆகப்போறோம்னு
இன்னும் முடிவு பண்ணாத அணு.
அப்புறம் என் பேருக்குக் கீழ
'அற்புத சிகிச்சையின் தூதர்'னு இருக்கு.
அந்த அற்புதத்தை எடுத்துடுங்க."

புதுசாத்தான் அடிக்கணும்மா, எண்ணூத்தம்பது ஆகும்.

"எழுத்துப்பிழை உங்களுது.
அந்தச் சொல்லு விழாக்காரங்களுது.
அவங்ககிட்ட சண்டை போட நேரமில்ல,
பாதிப் பாதி போட்டுக்கலாம்."

மழை விடவில்லை. கடையில் யாருமில்லை.
அவரும் போனை வைக்கவில்லை.

மகன் நித்திலன்.
எட்டு வயதிலிருந்து தசை கரைந்தது.
வடபழனியில், லாட்ஜுக்கு மேல்மாடியில் ஒரு கிளினிக்.
நாலு ஊசி, நாலு லட்சம்.
குப்பியில் இருந்தது என்னவென்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது.
"அவங்க போர்டுல இருந்த சொல்லு அது.
ஆராய்ச்சி பொய்யில்லீங்க.
வேகறதுக்குள்ள இறக்கி வித்தாங்க பாருங்க,
அதான் பொய்."

மின்வாரியத்தில் மீட்டர் குறித்தவர்.
மகன் போன பிறகு பதினோரு வருடம்
ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவில்
டாக்டர்கள் நடுவே, பொதுஜனத்துக்கென்று போட்ட
ஒற்றை நாற்காலியில்.
நோயாளி கையெழுத்திடும் தாளை
உரக்கப் படிப்பாராம்.
'குணமாகும்' என்று வந்தால் அடித்துவிட்டு
மேலே எழுதுவாராம்:
தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு.
"ஓடின யூனிட்டைத்தானே குறிக்கணும்?"

கோட்டைக்குப் போன மனுக்களிலும்
அதே ரெண்டு வரி:
விற்பவனை மூடுங்கள்.
தேடுகிறவனுக்குக் காசு கொடுங்கள்.

லேசர் வருவதற்கு முன், பித்தளையில்
அமிலம் ஊற்றி எழுத்தெடுத்த காலத்தில்
என் இடக்கண்ணில் தெறித்தது.
பத்தொன்பது வருடம், ஒரு மஞ்சள் திட்டு.
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்,
இந்தக் குருத்து கண்ணுக்கும் உண்டாமே?

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான்.

"சொல்லத் தெரிஞ்சவ நான் இல்ல.
எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில முதல்ல காட்டுங்க.
யாராவது நிச்சயம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.
பார்க்கலாம்னு சொன்னா
உக்காந்து, எல்லாத்தையும் கேளுங்க."

விழாவன்று கேடயங்களை நானே கொண்டுபோனேன்.
பொன்னாடை, பூங்கொத்து, தாமதமான அமைச்சர்.
தொகுப்பாளர் தன் பழைய சீட்டைப் பார்த்து
"அற்புத" என்றே முழங்கினார்.
குணவதி சிரிக்கவில்லை.
கேடயத்தை விளக்குப் பக்கம் சாய்த்து
எழுத்தெழுத்தாக, மீட்டர் பார்ப்பதுபோல் பார்த்தார்.
பிறகு கூட்டத்தைத் துழாவி
என்னிடம் ஒரு தலையசைப்பு.
இத்தனை வருடத்தில்
அரங்குக்குள் யாரும் எனக்குத் தலையசைத்ததில்லை.

பில்லில் எட்டு ரூபாய் கழித்தேன்,
அடிக்காத நாலு எழுத்துக்கு.

பிழையான கேடயம் கடையில்தான் இருக்கிறது,
பசை டப்பாவுக்கு மூடியாக.
வருகிற புதன்கிழமை
கடை அரைநாள் லீவு.